கச்சான் வீசும் ஊரில் பவளத் தொட்டிக்கு எந்த மூடி?

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு முன்னறையில் நாலடித் தொட்டி ஒன்று இருக்கிறது. கீழே அலுமாரிக்குள் இருக்கும் சம்ப்பையும் (மேல் தொட்டித் தண்ணீர் வடிந்து வரும் துணைத் தொட்டி) சேர்த்தால் கிட்டத்தட்ட 250 லீற்றர் கடல்நீர். சூடான, உலர்ந்த கச்சான் காற்று தொடங்கிவிட்டால் இந்தத் தொட்டி ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணீரைக் குடித்துவிடும். ஆவியாகிப் போகிற தண்ணீரைத்தான் சொல்கிறேன். காலையில் ஒரு வாளி ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீர், மாலையில் பார்த்தால் சம்ப்பில் போட்ட கோட்டுக்குக் கீழே மறுபடி இறங்கியிருக்கும். முதல் வருடம் இதைப் பார்த்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் இறுக்கி மூடும் கண்ணாடி மூடி ஒன்று வெட்டுவித்தேன். அது பிழையான முடிவு. ஏன் பிழை என்பதைச் சொன்னால் மற்ற மூடிகளைப் பற்றிப் பேசுவது சுலபம்.

முதலில், மூடி எதற்கு? மீன் பாய்வதற்கு. வேறு நூறு காரணம் சொல்லலாம், இது ஒன்றுதான் தலையாயது. பயர்பிஷ், ராஸ் வகைகள், கோபி, ஜோஃபிஷ், அந்தியாஸ் எல்லாம் பாயும். பகலில் அமைதியாகத் திரிகிற மீன், விளக்கு திடீரென்று அணைந்தால் அல்லது இன்னொரு மீன் துரத்தினால் நேரே மேலே கிளம்பும். கடலில் அப்படிப் பாய்ந்தால் திரும்பத் தண்ணீரில்தான் விழும். இங்கே சீமெந்துத் தரை.

என் முதல் பயர்பிஷ்ஷை நான் அலுமாரிக்குப் பின்னால் கண்டெடுத்தேன். மூடி இல்லாத நாளில் அல்ல, கண்ணாடி மூடி போட்டிருந்த நாளில். பின்பக்க மூலையில் பம்புகளின் வயர் போவதற்கென்று இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு விட்டிருந்தேன். நாலடி நீளத்தில் அந்த ஒரு இடம்தான் திறந்திருந்தது. பாயும் மீன் பெரும்பாலும் நடுவில் பாய்வதில்லை. கண்ணாடியை ஒட்டியே ஓடி, மூலையில் முட்டி, அங்கேதான் மேலே எழும்பும். அந்த மூலையில்தான் என் வெட்டு இருந்தது. காய்ந்து சுருண்டிருந்த அந்த மீனின் முதுகுத் துடுப்பு நிமிர்ந்தபடியே இருந்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்த மூடியை எடுத்தாலும் முதலில் நான் மூலைகளைப் பார்ப்பது அதனால்தான்.

அடுத்தது வெப்பம். வெளிநாட்டுக்காரர் எழுதும் குறிப்புகளில், மூடி போட்டால் வெப்பம் வெளியேறாது, ஹீட்டர் செலவு மிச்சம் என்று நல்லதாகச் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது சரி. மட்டக்களப்பில் ஹீட்டர் எதற்கு? பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை நல்லது. நம் வீட்டு அறையே வைகாசி, ஆனி மாதங்களில் மத்தியானம் 32க்குப் போய்விடும். அதற்கு மேல் பம்புகளும் விளக்கும் தண்ணீருக்குள் சூட்டைக் கொட்டுகின்றன. என் தொட்டியில் எல்லாவற்றையும் கூட்டி, விளக்கு எரியும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, ஒரு நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால் 110 வாட் அளவு வருகிறது.

இப்போது அந்த 4 லீற்றரைப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அது தொட்டித் தண்ணீரில் இருந்தும் அறைக் காற்றில் இருந்தும்தான் எடுக்கப்படுகிறது. முழுவதும் தண்ணீரில் இருந்து போனால் 250 லீற்றர் 2 பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். ஒரு நாளில் 4 லீற்றர் என்றால், இடைவிடாமல் 110 வாட்டுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குச் சமம். அதாவது என் பம்பும் விளக்கும் உள்ளே போடுகிற சூடு அவ்வளவையும் இந்த ஆவியாதல் வெளியே எடுத்துவிடக் கூடியது. நான் தொல்லை என்று நினைத்து அடைக்கப் பார்த்தது என் தொட்டியின் குளிரூட்டியை. கண்ணாடி மூடி போட்ட மூன்றாம் நாள் வெப்பமானி 31.5 காட்டியது. தொட்டியில் இருந்த, பவளத்துக்கு இனமான ஸோவாந்தஸ் வாயை மூடிக்கொண்டது, ஒரு மென்பவளம் ஓரத்தில் வெளிறத் தொடங்கியது. 1998 இல் கடல் சூடேறி இலங்கையின் பவளப் பாறைகள் பெருமளவு வெளிறிச் செத்ததும், 2016 இல் மறுபடி வெளிறியதும் இந்தக் காரணத்தால்தான். பழகிய வெப்பத்துக்கு மேல் ஓரிரு பாகை, சில கிழமைகள். கடலுக்கே அது போதும் என்றால் 250 லீற்றர் எம்மட்டுக்கு?

சரி, ஒவ்வொரு மூடியாகப் பார்ப்போம்.

கண்ணாடியில் நல்லது இல்லாமல் இல்லை. திருமலை வீதிப் பக்கம் கண்ணாடிக் கடைகளில் அளவைக் கொடுத்தால் அன்றைக்கே வெட்டித் தருவார்கள். வளையாது, மங்காது, மீன் பாயவே முடியாது. நாலடிக்கு ஒன்றரை அடி, 5 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் ஏறத்தாழ 7 கிலோ பாரம் வரும். அதனால் இரண்டு மூன்று துண்டாக வெட்டுவிப்பது நல்லது, ஓரத்தைக் கட்டாயம் தேய்க்கச் சொல்லுங்கள். ஒளியைப் பொறுத்தவரை, துப்புரவான கண்ணாடி பத்தில் ஒரு பங்கைத்தான் தின்னும். ஆனால் அது துப்புரவாக இருப்பது கழுவிய அன்று மட்டும். குமிழி வெடித்துத் தெறிக்கும் துளியெல்லாம் அடிப்பக்கத்தில் காய்ந்து உப்புப் பொருக்காகப் படியும், மேல்பக்கத்தில் தூசி. நான்கு நாள் துடைக்காவிட்டால் கீழே பவளத்துக்கு வெயில் மங்கிய நாள் மாதிரித்தான். காற்றுப் பரிமாற்றம் குறைந்து தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு) இறங்கும் என்றும் சொல்வார்கள். சம்ப்பும், காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரும் உள்ள தொட்டியில் அந்தக் குறை அவ்வளவு பெரிதல்ல, கீழே அவை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சம்ப் இல்லாத தொட்டியில் பெரிது. எப்படியிருந்தாலும் எனக்கு வெப்பம் ஒன்றே கண்ணாடியைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம்.

பேர்ஸ்பெக்ஸ் பாரத்தில் கண்ணாடியின் பாதிக்கும் குறைவு, ஒளியும் நன்றாகப் போகும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். கீழ்ப்பக்கம் எப்போதும் நனைந்து, மேல்பக்கம் விளக்குச் சூட்டில் காய்ந்து இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஊதி, தகடு கிண்ணம் போல வளைந்துவிடும். வளைந்த மூலைக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையில் வருவது மறுபடி அந்த இரண்டு விரல் இடைவெளிதான். கூரைக்குப் போடும் இரட்டைச் சுவர்ப் பொலிகாபனேற் தகடு இதைவிட நேராக நிற்கும், ஆனால் அதன் குழாய்களுக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பிடித்தால் எடுக்கவே முடியாது. வெப்பத்தில் இரண்டும் கண்ணாடிக்குச் சமம்தான், அதனால் இதற்கு மேல் நான் இவற்றில் மினக்கெடவில்லை.

மரத்தால் செய்த பெட்டி மூடியும் உண்டு, விளக்கை உள்ளே வைத்து மேலே மூடிவிடும் வகை. பார்க்க வீட்டு அலுமாரி மாதிரி அழகு. உள்ளே சூடும் உப்பு ஈரமும் தங்கி, எல்.ஈ.டி. விளக்கின் ஆயுளைத் தின்னும். பின்னால் இரண்டு விசிறி பூட்டாமல் இதை இந்த ஊரில் வைக்கவே கூடாது.

மூடியே இல்லாமல் விடுவது? ஒளிக்கும் காற்றுக்கும் குளிர்ச்சிக்கும் இதைவிட நல்லது இல்லை. கோமாளி மீன், டாம்செல் மட்டும் வைத்திருப்பவர்கள் பல வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறார்கள். அவையும் எப்போதாவது பாயும், ஆனால் அரிது. பிரச்சினை மீன் மட்டும் அல்ல. பல்லி! இரவில் விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்கப் பல்லி மேலே வரும், வழுக்கி விழும், சம்ப்புக்குத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோவுக்குள் போய்ச் சாகும். அது அழுகி அமோனியா ஏறிய பிறகுதான் எமக்குத் தெரியும். பூனை உள்ள வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முட்டைத் தட்டு மாதிரிச் சதுரம் சதுரமாக இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டை, அலுவலகக் கூரை விளக்கின் கீழ் மாட்டுவார்களே அதை, சிலர் வெட்டி மேலே வைப்பார்கள். மலிவு. ஆனால் அதன் ஓட்டை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல், மெல்லிய கோபி அதற்குள்ளால் நழுவிப் போகும். சாய்வாக வரும் ஒளியையும் அதன் சுவர்கள் மறைக்கும்.

மிச்சம் இருப்பது வலை மூடி. நான் கடைசியில் வந்து நின்றது இதில்தான், இதில் மட்டும் இரண்டு தரம் பிழை விட்டு, மூன்றாவதை விடப் போய் நிறுத்தித்தான் வந்தேன்.

முதலில் யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கும் அலுமினியம் கடைக்குப் போனேன். அளவைச் சொன்னதும் கடைக்காரத் தம்பி, "அண்ணன், யன்னல் எங்க, படுத்துக் கிடக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார், அவரே தொட்டி விளிம்புக்குப் பொருந்தும் மெல்லிய சட்டத்தைத் தேடி எடுத்தார். சட்டம் அருமை. வலைதான் சரிவரவில்லை. சாதாரண நுளம்பு வலையின் கண் 1.2 மில்லிமீற்றர், நூல் 0.3 என்று வையுங்கள். கண்ணும் நூலும் சேர்ந்த 1.5இல் 1.2 தான் திறப்பு, நீளத்துக்கும் அகலத்துக்கும் அப்படியே. பெருக்கினால் 64 சதவீதம்தான் திறந்த இடம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி போய்விட்டது! அது மட்டும் அல்ல, தெறிக்கும் துளி அந்தச் சின்னக் கண்களில் சவ்வு மாதிரிப் பிடித்து நின்று, பிறகு உப்பாகக் காயும். இரண்டு கிழமையில் வலை பாதித் தகடாகிவிட்டது.

இதே கணக்கை 6 மில்லிமீற்றர் கண்ணுக்கும் 0.5 மில்லிமீற்றர் நூலுக்கும் போட்டால் திறப்பு 85 சதவீதம். நூல் நிறமற்றதாக இருந்தால் அதன் ஊடாகவும் கொஞ்சம் ஒளி போகும். துளியும் அவ்வளவு பெரிய கண்ணில் பிடித்து நிற்காது. நிறமற்ற 6 மில்லிமீற்றர் வலைதான் வெளிநாடுகளில் இதற்கென்று விற்பது. குஞ்சுக் கோபிகள் வைத்திருந்தால் 3 மில்லிமீற்றருக்கு இறங்கலாம், ஒளியில் கொஞ்சம் இழப்பீர்கள்.

அந்த வலை இங்கே கிடைக்கவில்லை. அப்போதுதான் இரண்டாவது பிழை. பக்கத்து வீட்டு மாமா நாவலடிப் பக்கம் கடலுக்குப் போனவர், பழைய நைலோன் வலைத் துண்டு ஒன்றைத் தந்தார். சட்டத்தில் அதைத் தளர்வாகக் கட்டிவிட்டேன். ஒரு ராஸ் பாய்ந்து, செவுளில் நூல் மாட்டித் தொங்கியது. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். மாமாவிடம் சொன்னபோது, "தளர விட்டா அது பிடிக்கிற வலை மகன், செவுள்ள மாட்டுறதுக்குத்தான் அப்படி விடுறது. காக்கிற வலை எண்டா உடுக்குத் தோல் மாதிரி நிக்கோணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். முறுக்கமாக இழுத்த வலையில் மீன் முட்டினால் துள்ளித் தண்ணீருக்குள் விழும். தளர்ந்த வலையில் சிக்கும்.

பிறகு தூண்டிலுக்கு விற்கும் தங்கூசி நைலோன் நூலை வாங்கி, சட்டத்தைச் சுற்றி 6 மில்லிமீற்றருக்கு ஒரு துளை போட்டு, நெடுக்கும் குறுக்குமாக நானே பின்னினேன். இரண்டு நாள் மாலை வேலை. தங்கூசி வலை கடலில் பாவிக்கத் தடையானது, அதை வெட்டி எடுக்கலாம் என்று தேடிப் போகாதீர்கள். தூண்டில் தங்கூசிச் சுருள் ஒன்று போதும். இப்போது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது நிறமற்ற வலை கொண்டுவந்து தந்திருக்கிறார், இந்தத் தொட்டிக்கு அதுதான் இருக்கிறது. ஆனால் நான் பின்னியதற்கும் அதற்கும் பாவனையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது பிழையை நான் செய்யவில்லை, செய்யப் போய் நிறுத்தினேன். கோழி வலை. கையில் இருக்கிறது, கண்ணும் அளவாக இருக்கிறது, ஆனால் அதில் பூசியிருப்பது நாகம் (துத்தநாகம்). உப்பு ஈரம் பட்டு அது கரைந்து சொட்டினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பித்தளை, செம்பு ஆணியும் கூடவே கூடாது. துருப்பிடிக்காத உருக்கு என்று விற்கும் திருகாணியும் உப்பில் பழுப்பு வடிக்கத்தான் செய்கிறது. அலுமினியச் சட்டத்தில் நிறம் பூசியதை எடுங்கள், வெட்டிய முனைகளைச் சிலிக்கனால் அடையுங்கள். வெறும் அலுமினியம் என்றால் வெள்ளைத் தூள் பூக்கும்.

வலை மூடிக்குக் குறை இல்லையா? இருக்கிறது. கச்சானில் வரும் பொடி மணல் உள்ளே விழும், ஸ்கிம்மர் கொஞ்சத்தை எடுக்கும். தண்ணீர் விடும் வேலை தொடரும். 250 லீற்றரில் 4 லீற்றர் குறைந்தால் உப்பு ஆயிரத்துக்கு 35இல் இருந்து 35.6 ஆகும். மூன்று நாள் மறந்தால் 36.8. ஊற்றும்போது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. வெளியூர் போகிறவர்கள் தானாகத் தண்ணீர் விடும் சின்னப் பம்பு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று சூடானாலும் உலர்ந்தது. அதில் ஆவியாதல் பிய்த்துக்கொண்டு போகும், வலை மேல் ஒரு மேசை விசிறி வைத்தால் அறையை விட 3, 4 பாகை குறைவாகத் தொட்டியை வைத்திருக்கலாம். மாரியில் காற்று ஈரம், ஆனால் அறையே குளிர்ந்துவிடும். பங்குனி, சித்திரைதான் பொல்லாதது. காற்றும் இல்லை, ஈரமும் கூட, புழுக்கம். அந்த மாதங்களில் வலையும் விசிறியும் மட்டும் போதாமல் வரலாம். நான் விளக்கை இரவுப் பக்கம் தள்ளிவிடுவேன், பின்னேரம் 5 மணிக்குப் போட்டு நள்ளிரவு தாண்டி அணைப்பேன். வசதி உள்ளவர் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் வைக்கலாம். சில்லர் இருந்தாலும் வலையை மாற்ற வேண்டாம், காசில்லாமல் கிடைக்கும் குளிர்ச்சியை எதற்கு அடைப்பது?

மின்வெட்டிலும் வலைதான் நல்லது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்போது பம்பு நின்றுபோன தொட்டிகளுக்கு மேல்பரப்பு ஒன்றுதான் மூச்சு. கண்ணாடி போட்டிருந்தவர்கள் அதைத் தூக்கி வைத்தார்கள், தூக்கிய இரவில் மீன் பாய்ந்தது. வலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பின் குழாயை வலைக்கண் ஊடாகவே இறக்கிவிடலாம்.

ஆனால் ஒரு நாளைக்கு மட்டும் எனக்கு இறுக்கமான மூடி வேண்டும். மழை முடிந்து டெங்கு கூடும்போது தெருவில் புகை அடிப்பார்கள் அல்லவா, அன்றைக்கு. நுளம்பைக் கொல்லும் அந்த மருந்து வகை இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு, மீனுக்கும் கூடாது. வலை அதைத் தடுக்காது. அதற்காகத் தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்றை அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் யன்னலைச் சாத்தி, வலையின் மேல் விரிப்பைப் போர்த்தி, சம்ப்பையும் மூடி, ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்திவிடுவேன். ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அடிப்பது, அதை மறந்தால் மூடியதில் பயன் இல்லை. நீரோட்டப் பம்பு ஓடட்டும். புகை அடங்கி, வீட்டைத் திறந்து காற்றோட விட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து எல்லாவற்றையும் திரும்பப் போடலாம். வீட்டுக்குள் அடிக்கும் பூச்சி ஸ்பிறேக்கும் இதே கதைதான், நுளம்புச் சுருளையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள்.

எல்லாருக்கும் வலைதானா என்றால், இல்லை. கல்முனையில் ஒரு நண்பர் தொட்டியை ஏ.சி. அறையில் வைத்திருக்கிறார். அங்கே அறை 25 பாகை, காற்றும் உலர்ந்தது. திறந்து விட்டால் தண்ணீர் குளிர்ந்து, ஹீட்டர் ஓடி, ஆவியான ஈரத்தை ஏ.சி. வெளியே எடுத்து, இரண்டுக்கும் கரண்ட் பில் கட்ட வேண்டும். அவருக்குக் கண்ணாடிதான் பொருத்தம், பின்பக்கம் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வலைப்பட்டி விட்டு. அதே போல 40 லீற்றர் குட்டித் தொட்டி. ஒரு லீற்றர் போனாலே உப்பு 35இல் இருந்து கிட்டத்தட்ட 36 ஆகிவிடும். அதற்குப் பாதி கண்ணாடி, பாதி வலை என்று வைத்து, கண்ணாடிப் பகுதியை நாளுக்கு நாள் நகர்த்திச் சரிபார்ப்பது நல்லது.

சட்டம் செய்விக்கும்போது தொட்டியின் உள் அளவை மூன்று இடத்தில் எடுங்கள். சிலிக்கன் ஒட்டிய மூலைகள் எப்போதும் கொஞ்சம் உள்ளே வரும். எடுத்த அளவில் சிறியதை வைத்து, அதிலும் 2 மில்லிமீற்றர் குறைத்துக் கொடுங்கள். உணவு போடச் சின்னக் கதவு ஒன்று முன்பக்கம் வைத்தால் முழுச் சட்டத்தையும் தூக்கத் தேவையில்லை. வயர் போகும் மூலையை நான் இப்போது வெட்டுவதே இல்லை. வயர்களை ஒவ்வொன்றாக விளிம்பில் பரப்பி, சட்டத்தின் அடியில் அரை வட்டமாக ஒரு வயருக்கு ஒரு பள்ளம் அரத்தால் ராவி, மிச்ச இடைவெளியைக் கறுப்புப் பஞ்சுத் துண்டால் அடைத்துவிட்டேன். பஞ்சில் உப்பு ஏறும், மாதம் ஒரு தரம் எடுத்துக் கழுவி வைக்க வேண்டும்.